மூக்குத்தியைக் கழட்டச் சொன்ன மெஷின்

ஆறு மாசமா இதை எழுதணும் எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். நேத்து அம்மாவைத் திரும்ப பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். இனிமே தள்ளிப் போடக் கூடாதுன்னு இன்னைக்கு உட்கார்ந்துட்டேன்.

கொஞ்சம் நீளமா போகும். காபி போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

அம்மாவுக்கு 67 வயசு. மேல் வரிசையில இடது கடவாய்ப்பல், மூணு வருஷத்துக்கு முன்னாடி ரூட் கெனால் பண்ணி கேப் போட்டது. ஒரு வருஷமா அந்தப் பக்கம் ஒரு மந்தமான வலி. விண்ணு விண்ணுன்னு தெறிக்கிற வலி இல்ல. முறுக்கு கடிச்சா வலிக்கும், தயிர் சாதம் சாப்பிட்டா வலிக்காது. கூடவே இடது மூக்குல மட்டும் சளி. "சைனஸ்"னு சொல்லி தெரு முனை டாக்டர் நாலு தடவை மாத்திரை குடுத்துட்டார். மாத்திரை முடிஞ்ச மறுவாரம் சளி திரும்ப வந்துடும்.

சரி, பல்லைக் காட்டிடுவோம்னு திருநெல்வேலி டவுன்ல ஒரு பெரிய இடத்துக்குப் போனோம். (பேர் வேண்டாம்.) டோக்கன் போடுற பொண்ணு வயசு கேட்டுச்சு, போன் நம்பர் கேட்டுச்சு, ஒரு சீட்டை நீட்டுச்சு.

"ஓபிஜி, சிபிசிடி ரெண்டும் எடுத்துட்டு வந்துடுங்க. அப்புறம் டாக்டர் பாப்பாங்க."

(ஓபிஜின்னா மொத்தத் தாடையையும் ஒரே படமா விரிக்கிற எக்ஸ்ரே, சிபிசிடின்னா தாடையை 3டியில காட்டுற ஸ்கேன்.) எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. டாக்டர் இன்னும் வாயைத் திறக்கச் சொல்லல. எந்தப் பல்லுன்னு யாரும் கேட்கல. அதுக்குள்ள படமா?

அம்மா என் கையைப் பிடிச்சு அமுக்கினா. "ஏட்டி, சத்தம் போடாத. எடுத்துட்டு வருவோம்."

எடுக்கப் போனோம்.

ஸ்கேன் சென்டர்ல இருந்த தங்கச்சிக்கு 25 வயசுதான் இருக்கும். அவ்வளவு பொறுமை. "அம்மா, கம்மல், செயின், மூக்குத்தி எல்லாம் கழட்டிடுங்க"ன்னுச்சு. கம்மல் வந்துடுச்சு. செயின் வந்துடுச்சு. மூக்குத்தி வரல.

அது கல்யாணத்தன்னைக்குப் போட்ட மூக்குத்தி. நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்பக்கம் இருக்கிற திருகாணி மரையோட மரையா இறுகிப் போய் ஒட்டிக்கிச்சு. கீழ மருந்துக்கடையில சின்ன பாட்டில்ல தேங்காய் எண்ணெய் வாங்கிட்டு வந்தேன். பஞ்சுல நனைச்சு உள்ள வெச்சு, அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, நான் வெளிப்பக்கம் கல்லைப் பிடிச்சுக்க, அந்தத் தங்கச்சி உள்பக்கம் விரல் நகத்தால திருக... இருபது நிமிஷம். திருகாணி ஒருவழியா சுத்துனப்போ அம்மா கண்ணுல தண்ணி. மூக்குல தண்டு இருந்த இடத்துல ஒரு சின்ன கறுப்புப் புள்ளி. அம்மா முகமே வேற யாரோட முகமோ மாதிரி இருந்துச்சு.

"உங்கப்பாகிட்ட சொல்லாத."

"இதை ஏன் கண்டிப்பா கழட்டணும்?"னு கேட்டேன். கோபமாத்தான் கேட்டேன். அந்தத் தங்கச்சி ஒரு பழைய படத்தைத் திரையில கொண்டு வந்து காட்டுச்சு. யாரோ ஒருத்தர் வலது காது தோட்டைக் கழட்டாம எடுத்த ஓபிஜி. தோடு இருந்த இடத்துல பளிச்சுன்னு வெள்ளையா ஒரு தோடு. அது சரி. ஆனா படத்தோட இன்னொரு பக்கத்துல, கொஞ்சம் மேல ஏறி, பெருசா, கலங்கலா இன்னொரு தோடு!

அது நிஜத் தோட்டோட நிழல். இதுக்குப் பேரே பேய் உருவம்தான். அவங்க "கோஸ்ட்"னு சொல்றாங்க. ஓபிஜியில கதிர் தலைக்குப் பின்னாடி இருந்து வரும், ஃபிலிமோ சென்சாரோ முன்பக்கம் இருக்கும், ரெண்டும் தலையைச் சுத்தி வரும். குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அதுக்குள்ள இருக்கிறது மட்டும்தான் தெளிவா விழும். நம்ம பல் வரிசையும் அதே லாட வடிவம்கிறதால பொருந்திப் போகுது. வளைவுக்கு வெளிய, கதிர் நுழையுற பக்கத்துல ஒரு உலோகம் இருந்தா அது எதிர்ப்பக்கத்துல போய்ப் பேயா நிக்கும். அந்தப் பேய் ஒரு கட்டியையோ உடைஞ்ச எலும்பையோ மறைச்சுட்டா?

(எங்க ஆச்சி பாம்படம் போட்டிருந்தவ. தோள் வரைக்கும் தொங்கும். அதோட ஆச்சி அந்த மெஷின்ல நின்னிருந்தா படம் என்னவாகியிருக்கும்னு அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன்.)

அம்மா மெஷினுக்குள்ள நின்னா. தாடையை ஒரு தாங்கியில வைக்கணும், முன்பல்லால ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடிச்சுக்கணும். "முழுங்கிட்டு, நாக்கை அப்படியே மேலண்ணத்துல ஒட்டி வைங்கம்மா, ஆடாதீங்க." நாக்கு கீழ இருந்தா நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவுல இருக்கிற காத்து, மேல் பல் வேர்கள் மேல கறுப்புப் பட்டையா விழுந்துடுமாம். வேர் நுனி எதுவும் தெரியாது. பதினஞ்சு செகண்டு சமாச்சாரம். வெளிய வந்து அம்மா சொன்னா: "மெஷின் என்னைப் பிரதட்சணம் பண்ணிட்டுப் போவுது!"

இதைக் கண்டுபிடிச்ச கதையும் ஏறக்குறைய இதேதான். ஃபின்லாந்துல இர்யோ பாட்டேரோன்னு ஒரு பல் மருத்துவர். ஒவ்வொரு பல்லா படம் எடுக்காம மொத்தத் தாடையையும் ஒரே படமா விரிச்சுப் பார்க்க முடியுமான்னு 1940கள்ல இருந்து மண்டையை உடைச்சிருக்கார். ஆரம்பத்துல கதிர் ஒரே இடத்துல நிக்கும், ஆள்தான் சுத்தணும். அப்புறம்தான் ஆள் நிக்க மெஷின் சுத்துற மாதிரி மாத்தினாங்க. 1961ல விற்பனைக்கு வந்துச்சு. இன்னைக்கு நம்ம ஊர்ல ஓபிஜி ஓபிஜின்னு சாதாரணமா சொல்றோமே, அந்த மூணு எழுத்து அவர் மெஷினோட பேர்ல இருந்து வந்ததுதான்.

அந்த ஸ்கேன் சென்டர்ல நான் ஒரு சண்டையும் போட்டேன். கழுத்துக்கு ஈயப் பட்டை ஏன் போடலன்னு. தைராய்டு இருக்கிற இடமாச்சே! அந்தத் தங்கச்சி, "ஓபிஜிக்கு அதைப் போட்டா கீழ் முன்பல்கிட்ட வெள்ளையா மறைச்சிடும்க்கா. திரும்ப எடுக்கணும், ரெட்டைக் கதிர்"னுச்சு. நான் நம்பல. வீட்டுக்கு வந்து படிச்சேன். அது சொன்னது முழுக்கச் சரி. போதாக்குறைக்கு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 பிப்ரவரியில, பல் எக்ஸ்ரேக்கு ஈய ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் இனிமே வழக்கமா தேவையில்லன்னே சொல்லிடுச்சு. இப்போ இருக்கிற டிஜிட்டல் மெஷின்ல கதிர் கொஞ்சம், சிதறுறது அதைவிடக் கொஞ்சம். கதிர்க் கற்றையைத் தேவையான அளவுக்குச் சுருக்குறதும் தேவையில்லாத படத்தை எடுக்காம இருக்கிறதும்தான் நிஜப் பாதுகாப்புன்னு சொல்றாங்க.

தேவையில்லாத படத்தை எடுக்காம இருக்கிறது. இந்த வரிதான் என்னை இழுத்துட்டுப் போச்சு.

சிபிசிடி மட்டும் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஓபிஜியோட திரும்பிப் போனோம். அந்த டாக்டர் படத்தைப் பத்து செகண்டு பார்த்தார். "ரூட் கெனால் ஃபெயில் ஆயிருக்கு. எடுத்துட்டு இம்பிளான்ட் போட்டுடலாம்." மூக்கைப் பத்திக் கேட்கல. கேள்வி எதுவும் கேட்கல.

அம்மா வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே, "நாப்பது வருஷ மூக்குத்தியைக் கழட்டிக் குடுத்தேன், அந்தப் படத்தை ஒரு நிமிஷங்கூடப் பாக்கலையேட்டி"ன்னா.

அந்த வார்த்தை எனக்கு ரொம்ப நாள் உறுத்துச்சு.

அப்புறம் ஒரு சிநேகிதி சொல்லி பாளையங்கோட்டையில இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். எம்.டி.எஸ்.ல ஓரல் மெடிசின் அண்ட் ரேடியாலஜின்னு ஒரு பிரிவு இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். வாய் நோயையும் தாடைப் படங்களையும் மட்டுமே மூணு வருஷம் படிக்கிறவங்க! அந்த டாக்டரம்மா முதல்ல ஒரு படத்தையும் பார்க்கல. அம்மா பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் கம்பியோட பின்பக்கத்தால ஒவ்வொரு பல்லா மெதுவா தட்டினாங்க. டொக். டொக். டொக். நாலாவது தட்டுக்கு அம்மா புருவம் சுருங்குச்சு. கன்னத்துக்கு மேல அமுக்கிப் பார்த்தாங்க. "சளி ஒரு பக்கம்தானாம்மா? கெட்ட வாடை அடிக்குதா?"

"ஆமா தாயி, ஒரு பக்கந்தான். நாத்தம் எனக்கே தாங்கல."

ஓபிஜியை அப்புறம்தான் வெளிச்சத்துல பிடிச்சாங்க. முழுசா, ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் பார்த்தாங்க. தாடை மூட்டு ரெண்டும், சைனஸ் ரெண்டும், எலும்பு ஓரம், கழுத்துப் பக்கம் வரைக்கும். "அந்தப் பல்லோட வேர் மேல கன்ன எலும்பு நிழல் விழுந்து கிடக்கு. இதுல ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னாங்க. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ஆர்விஜி எடுத்தாங்க. (சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரே. 1987ல பிரான்ஸ்ல ஃபிரான்சிஸ் மூயான்னு ஒரு பல் மருத்துவர் கொண்டு வந்தது. ஃபிலிமைக் கழுவி உலர்த்துற வேலையே இல்லாம நொடியில திரையில விழும்.) அதுலயும் அதே கன்ன எலும்பு நிழல்.

அப்புறம் சொன்னாங்க: "இப்போ எனக்கு ஒரு கேள்வி இருக்கு. இந்தப் பல்லுல நாலாவது கெனால் ஒண்ணு விட்டுப் போயிருக்கான்னு தெரியணும். அந்த வேருக்கும் சைனஸுக்கும் நடுவுல எலும்பு இருக்கான்னு தெரியணும். இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சா பல்லைக் காப்பாத்துறதா எடுக்கிறதான்னு முடிவு மாறும். அதனால சிபிசிடி எடுப்போம். முழுத் தாடைக்கும் வேண்டாம், இந்த இடத்துக்கு மட்டும். 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர்."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. நான் சண்டை போட்டு வேண்டாம்னு சொன்ன அதே சிபிசிடி! ஆனா இது வேற. அங்க வெறும் சீட்டு இருந்துச்சு, இங்க ஒரு கேள்வி இருந்துச்சு.

அந்தப் படத்தை டாக்டரம்மா எங்களுக்கு ஓட்டிக் காட்டினாங்க. வெங்காயத்தை மெல்லிசா அரிஞ்சுக்கிட்டே போற மாதிரி ஒவ்வொரு வில்லையா கீழ இருந்து மேல போகுது. மேல் கடவாய்ப்பல்லுக்கு மூணு வேர். கன்னப் பக்கம் முன்னாடி இருக்கிற வேர் கொஞ்சம் தட்டையா இருந்துச்சு. அதுக்குள்ள வெள்ளையா ஒரு புள்ளி, பழைய ரூட் கெனால்ல அடைச்சது. அதுக்குப் பக்கத்துல, அண்ணத்துப் பக்கமா, மயிரிழை மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அடைக்காம விட்ட கால்வாய். மேல ஏற ஏற அந்த வேர் நுனியைச் சுத்தி கறுப்பா ஒரு வளையம். அதுக்கும் மேல சைனஸ் தரையில, தண்ணியில ஊறின பஞ்சு மாதிரி சவ்வு வீங்கி நிக்குது.

ஒரு வருஷச் சளி அங்க உட்கார்ந்திருந்துச்சு.

இந்த நாலாவது கால்வாய் அபூர்வமே இல்லையாம். மேல் முதல் கடவாய்ப்பல்லுல பாதிப் பேருக்கு மேல இருக்கும்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. பிரச்சினை என்னன்னா அது முதல் கால்வாய்க்கு நேர் பின்னாடி ஒளிஞ்சு நிக்கும். சாதாரண எக்ஸ்ரே கன்னப் பக்கம் இருந்து பாயுது. முன்னாடி நிக்கிறவர் பின்னாடி நிக்கிறவரை மறைச்சிடுவார். குரூப் போட்டோவுல பெரியப்பா பின்னாடி நின்ன சின்னப் பையன் மாதிரி.

எலும்புல ஓட்டை விழுந்தா எக்ஸ்ரேல தெரிஞ்சிடும்னுதான் நானும் நம்பிக்கிட்டிருந்தேன். 1961லயே பெண்டர், செல்ட்சர்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தாடை எலும்புல தாங்களே குழி தோண்டிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்காங்க. உள்ள இருக்கிற பஞ்சு எலும்புல குழி எவ்வளவு பெருசா இருந்தாலும் படத்துல சுத்தமா தெரியாம போகலாம். வெளிப்பக்கக் கெட்டி எலும்பைத் தொட்ட பிறகுதான் கறுப்பு தெரியத் தொடங்குது. அதாவது, "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல"ன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல. தட்டிப் பார்த்த அந்தக் கண்ணாடிக் கம்பிக்கு ஏன் அவ்வளவு மதிப்புன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

இதுக்கப்புறம் நான் சும்மா இருக்கல. ராத்திரி ராத்திரியா படிச்சேன். டாக்டரம்மாவும் வாட்ஸ்அப்ல நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் போட்டாங்க. பாவம், அவங்க பொறுமைக்குக் கோயில் கட்டணும்.

முதல்ல பழைய கதை. ராண்ட்ஜன் எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895 நவம்பர். அடுத்த ஜனவரியிலயே ஜெர்மனியில ஓட்டோ வால்க்கோஃப்னு ஒரு பல் மருத்துவர் தன் பல்லையே படம் எடுத்துக்கிட்டார். கண்ணாடித் தகட்டைக் கறுப்புத் தாள்ல சுத்தி வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு 25 நிமிஷம் அசையாம கிடந்திருக்கார். இருபத்தஞ்சு நிமிஷம்! அம்மாவோட ஆர்விஜி ஒரு செகண்டுல சின்னப் பின்னம்.

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ்ல எட்மண்ட் கெல்ஸ். அவரும் 1896லயே வாய்க்குள்ள ஃபிலிம் வெச்சு எடுக்க ஆரம்பிச்சவர். மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க ஒவ்வொரு தடவையும் தன் கையையே கதிருக்கு நடுவுல நீட்டிப் பார்ப்பார். விரல் போச்சு. அப்புறம் கை போச்சு. ஆபரேஷன் மேல ஆபரேஷன். வலி தாங்காம 1928ல உயிரை மாய்ச்சுக்கிட்டார். அதே காலத்துல பாஸ்டன்ல வில்லியம் ரோலின்ஸ்னு இன்னொரு பல் மருத்துவர், 1901லயே கினிப் பன்றிகளை வெச்சு இந்தக் கதிர் கொல்லும்னு நிரூபிச்சு, ஈயத்தால மறைங்க, கற்றையைச் சுருக்குங்கன்னு சொன்னார். ரொம்ப நாளைக்கு யாரும் காதுல போட்டுக்கல. இன்னைக்கு மெஷின்ல இருக்கிற பாதுகாப்புல பாதி அவர் அன்னைக்கே சொன்னது.

(சின்ன வயசுல எனக்கு எக்ஸ்ரே எடுத்தப்போ "விரலால அழுத்திப் பிடிச்சுக்கோம்மா"ன்னு ஃபிலிமை என்னையே பிடிக்கச் சொன்னாங்க. இப்போ அதுக்குத் தனியா பிடிப்பான் இருக்கு. கெல்ஸ் கதையைப் படிச்ச அன்னைக்கு என் ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன்.)

அதுக்காக பயந்து ஓடுறதும் தப்பு. கணக்கு இதுதான். இயற்கையா மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் நமக்கு வர்ற கதிர்வீச்சு, உலக சராசரிக்கு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு நாளைக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட். ஒரு சின்னப் பல் எக்ஸ்ரே ஏறக்குறைய அந்த ஒரு நாள் அளவுக்குள்ள வந்துடும். ஓபிஜி சில நாள். சிபிசிடி, எவ்வளவு இடம் எடுக்கிறோம் எப்படி எடுக்கிறோம்கிறதைப் பொறுத்து சில பத்து மைக்ரோசீவர்ட்ல இருந்து பல நூறு வரைக்கும் ஏறும். முழுத் தாடைக்கும் வேண்டாம், இந்த இடத்துக்கு மட்டும்னு டாக்டரம்மா சொன்னது இதனாலதான். நம்ம மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணல்ல தோரியம் கலந்திருக்கு, அங்க இயற்கைக் கதிர்வீச்சே கூடுதல். இவ்வளவு தெரிஞ்சா போதும், பயம் தானா அதுக்குரிய அளவுக்கு வந்துடும்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன்.

1991ல ஃப்ரைபேக், தார்ன்பரின்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு ஸ்கேன் நல்ல ஸ்கேனான்னு எப்படிச் சொல்றது? படம் தெளிவா விழுதாங்கிறது முதல் படிதான்னாங்க. அதை வெச்சு நோயைச் சரியா சொல்ல முடியுதாங்கிறது ரெண்டாவது படி. அப்புறம் டாக்டரோட யோசனை மாறுதா, வைத்தியம் மாறுதா, கடைசியில அந்த மனுஷனுக்கு நல்லது நடந்துச்சா. அதுக்கும் மேல ஆறாவது படி, செலவையும் பலனையும் நிறுத்துப் பார்த்தா ஊருக்கே கட்டுபடியாகுதா.

இதைப் படிச்சதும் எனக்குள்ள ஏதோ விளக்கு போட்ட மாதிரி இருந்துச்சு. நாம எல்லாரும் முதல் படியிலயே நின்னு "ஆகா, 3டி!"ன்னு வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கோம். விளம்பரமும் முதல் படியோட நின்னுடுது. அஞ்சாவது படிக்கு ஏறிப் பார்க்கிறதுதான் நிஜமான ஆராய்ச்சி. அது கஷ்டம், வருஷக்கணக்காகும், பல சமயம் முடிவு யாருக்கும் பிடிக்காம போகும்.

என் தம்பி ஞானப்பல் விஷயத்தையே எடுத்துக்கோங்க. கீழ் ஞானப்பல் வேர், தாடைக்குள்ள ஓடுற நரம்புக் குழாய் மேல உட்கார்ந்திருக்குன்னு ஓபிஜியில தெரிஞ்சுது. நரம்பு அடிபட்டா கீழுதடு மரத்துப் போகும். சிபிசிடி எடுத்தாங்க, அழகான படம், நரம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சுது. பல்லை எடுத்தாங்க. அப்பவும் ரெண்டு மாசம் அவன் உதடு மரத்துக் கிடந்துச்சு. டீ குடிச்சா ஓரத்துல வழியுறது தெரியாது. "அதான் ஸ்கேன் எடுத்தோமே!"ன்னு அம்மா அன்னைக்குக் கேட்டா.

டென்மார்க்ல இதே கேள்வியை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஓபிஜி மட்டும், இன்னொரு பாதிக்கு சிபிசிடியும் சேர்த்து எடுத்துப் பல்லைப் பிடுங்கிப் பார்த்திருக்காங்க. 2016ல முடிவு வந்துச்சு: சிபிசிடி எடுத்ததால நரம்புப் பாதிப்பு குறையல. படம் தெளிவு, நரம்பு தெரியுது, ஆனா உதடு மரக்கிறது அப்படியேதான். ஐரோப்பாவுல இருக்கிற பல்-தாடைக் கதிரியக்க வல்லுநர் அமைப்பு 2019ல, ஞானப்பல்லுக்கு வழக்கமா சிபிசிடி எடுக்காதீங்க, ஓபிஜியால பதில் சொல்ல முடியாத ஒரு குறிப்பான கேள்வி இருந்தா மட்டும் எடுங்கன்னு சொல்லிடுச்சு.

சரி, படம்னாலே வீண் செலவான்னு கேட்காதீங்க. நேர் எதிர்க் கதை ஒண்ணு எங்க வீட்லயே இருக்கு.

சித்தப்பாவுக்கு அடிநாக்குல புற்றுநோய். கழுத்துல நெறி கட்டியிருந்துச்சு. கீமோவும் ரேடியேஷனும் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு பெட்-சிடி (புற்று இருக்கிற இடம் ஒளிருற மாதிரி காட்டுற ஸ்கேன்) எடுத்தாங்க. கழுத்துல எதுவும் ஒளிரல. "கழுத்து ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கிட்டே இருப்போம்"னார் டாக்டர். சித்தி ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து அழுதுட்டா. எனக்கோ உள்ளுக்குள்ள உதறல். ஒரு படத்தை நம்பி ஆபரேஷனை விடலாமா?

இப்போதான் தெரியுது, அந்த வார்த்தைக்குப் பின்னாடி எவ்வளவு பேர் உழைச்சிருக்காங்கன்னு. பிரிட்டன்ல 37 சிகிச்சை மையங்கள், 564 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கம்போல கழுத்து ஆபரேஷன். இன்னொரு பாதிக்கு 12 வாரம் கழிச்சு பெட்-சிடி, அதுல சந்தேகம் இருந்தா மட்டும் ஆபரேஷன். 2016ல வெளிவந்த முடிவு: ரெண்டு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க படம் எடுத்த பக்கம் 84.9 சதவீதம், ஆபரேஷன் பக்கம் 81.5. படம் எடுத்த பக்கம் நடந்த கழுத்து ஆபரேஷன் 54, ஆபரேஷன் பக்கம் 221. எத்தனை பேரோட கழுத்தும் தோளும் கத்தி படாம தப்பிச்சிருக்கு! அஞ்சாவது படி ஏறின படம்னா இதுதான். சித்தப்பா இப்போ துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போறார். அந்தத் துண்டைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு 564 பேர் ஞாபகம் வருது.

ஆனா இதையே வாய்ப் புற்றுநோய்க்கெல்லாம் சேர்த்துச் சொல்ல முடியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில அனில் டி'க்ரூஸ் குழு நடத்தின ஆராய்ச்சி 2015ல வந்துச்சு. வாய்க்குள்ள ஆரம்பக் கட்டப் புற்று, கழுத்துல தொட்டுப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாதவங்க. தெரிஞ்ச பிறகு கழுத்தை ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு காத்திருந்தவங்கள்ல மூணு வருஷம் கழிச்சு இருந்தவங்க 67.5 சதவீதம். முதல்லயே கழுத்து ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கிட்டவங்க 80 சதவீதம். வெட்டி எடுத்ததை நுண்ணோக்கியில பார்த்தா, ஏறக்குறைய 10ல 3 பேருக்குப் புற்று ஏற்கெனவே நெறிக்குள்ள போயிருந்துச்சு. பொடிப்பொடியா இருக்கிற அதைக் கையாலயும் கண்டுபிடிக்க முடியல, ஸ்கேனாலயும் நம்பிச் சொல்ல முடியல. புகையிலையும் பாக்கும் போடுற நம்ம நாட்டுல இந்த ஆராய்ச்சி எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கும்!

ஒரே கழுத்து. ஒரு இடத்துல படத்தை நம்பலாம், இன்னொரு இடத்துல நம்பக் கூடாது. இதைச் சொல்ல மெஷினால முடியாது. பல வருஷம், பல நூறு பேர், பொறுமையான கணக்கு வேணும். இப்போ எக்ஸ்ரேவைப் பார்த்து சொத்தையைக் கலர்ல வட்டம் போட்டுக் காட்டுற ஏஐ மென்பொருளெல்லாம் வந்தாச்சு. டாக்டரம்மா கம்ப்யூட்டர்லயும் இருக்கு. "நல்லாத்தான் கண்டுபிடிக்குது. அதனால தேவையில்லாம எத்தனை பல்லைத் தோண்டுறோம், தேவையான எத்தனை பல் பிழைக்குதுன்னு பார்க்கணும்"னாங்க. அதே படிக்கட்டுதான்.

அம்மா பல்லுக்கு வர்றேன். ரூட் கெனால் நிபுணர் ஒருத்தர் கேப்பைக் கழட்டி, மைக்ராஸ்கோப் வெச்சு, படத்துல காட்டின அதே இடத்துல அந்த மயிரிழைக் கால்வாயைத் தேடிப் பிடிச்சுட்டார். மூணு தடவை போனோம். ரெண்டாவது மாசம் மூக்குச் சளி நின்னுடுச்சு. பல்லை எடுக்கல. இம்பிளான்ட் வேண்டியிருக்கல.

நேத்து ஆறாவது மாசப் பரிசோதனை. முந்தின நாள் ராத்திரியே அம்மா தேங்காய் எண்ணெய் ஊத்தி, கண்ணாடி முன்னாடி நின்னு, தானே மல்லுக்கட்டி மூக்குத்தியைக் கழட்டி வெச்சுட்டா. எனக்குத் தெரியவே தெரியாது. காலையில பார்த்தா புடவைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருக்கா.

டாக்டரம்மா பல்லைத் தட்டினாங்க. டொக். அம்மா புருவம் அசையல. கன்னத்தை அமுக்கிப் பார்த்தாங்க. சின்னதா ஒரு ஆர்விஜி எடுத்தாங்க. "நல்லா இருக்கும்மா. அடுத்த வருஷம் வாங்க."

"அந்தச் சுத்துத மெஷின்ல எடுக்கலையா தாயி?"

"இல்லம்மா. உங்களுக்கு வலி இல்ல, சளி இல்ல. எடுத்தாலும் நான் இதையேதான் சொல்லுவேன்."

ஆட்டோவுல வர்றப்போ அம்மா முடிச்சை அவிழ்த்து மூக்குத்தியை என் உள்ளங்கையில வெச்சா. கல்லுக்குப் பின்னாடி நாற்பது வருஷ அழுக்கை பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவியிருக்கா. அப்படி மின்னுது.

"வீணாக் கழட்டிட்டேனேட்டி. வீட்டுக்குப் போனதும் நீயே போட்டு விடு. திருகாணியை ரொம்ப இறுக்கிராத."